ஐ.ஏ.எஸ். முதலிடமா, ஐ.எஃப்.எஸ். முதலிடமா: விருப்ப வரிசை குறித்து ஒரு கேள்வி

கேள்வி கேட்டவர்: கரிசல்பெண்

அனைவருக்கும் வணக்கம். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் இம்முறை தேறியிருக்கிறேன். இது என் மூன்றாவது முயற்சி. எந்தெந்தப் பணி வேண்டும் என்பதை வரிசைப்படுத்திப் படிவத்தில் குறித்து அனுப்புவதற்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. பயிற்சி மையத்தில் கேட்டால், ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., ஐ.ஆர்.எஸ். என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதச் சொல்கிறார்கள். வெளியுறவுப் பணியான ஐ.எஃப்.எஸ். என்று வாயெடுத்தால், “ஊரில் யாருக்கு அம்மா அது தெரியும்? வாசலில் சுழல்விளக்கு வைத்த வண்டி வந்து நிற்குமா?” என்று சிரிக்கிறார்கள். சுழல்விளக்கை 2017-லேயே எல்லோருக்கும் கழற்றிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை.

வெளியுறவுப் பணியின் மீது எனக்கு ஈடுபாடு வந்த காரணம் வீட்டைச் சார்ந்தது. என் தாய்மாமா வளைகுடா நாடு ஒன்றுக்குக் கட்டட வேலைக்குப் போனவர். கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு எட்டு மாதம் சம்பளம் தராமல் இழுத்தடித்த ஒரு முதலாளியிடமிருந்து அவர் மீண்டு வந்ததற்கு, நம் தூதரகத்தில் ஒருவர் தமிழில் பேசி, எந்தக் காகிதத்தை எங்கே கொடுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னதே காரணம். அவருடைய பெயர்கூட மாமாவுக்குத் தெரியாது. “தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு” என்று மட்டும் சொல்வார். பத்தாம் வகுப்பு படிக்கும்போது கேட்ட அந்தக் கதைதான் என்னை இதுவரை இழுத்து வந்திருக்கிறது.

ஆனால் தயக்கங்களும் உண்டு. அப்பாவுக்கு மளிகைக் கடை. காலை ஐந்தரைக்குப் போனால் இரவு பத்துக்குத்தான் வருவார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். நாளுக்கு இரண்டு முறை இன்சுலின் ஊசி போடுகிறவள் நான். தம்பி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். எனக்கு மதுரையில் அரசு வங்கி ஒன்றில் பணிபுரியும் ஒருவரைப் பேசி முடித்திருக்கிறார்கள். எனக்கும் அவரைப் பிடித்திருக்கிறது. “பெண் ஊர் ஊராகப் போனால் மாப்பிள்ளை என்ன செய்வார்?” என்று அவர்கள் வீட்டில் கேட்டதற்கு எங்கள் வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. இவற்றுக்கு மேல், எனக்கு இந்தி எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவில்தான் வரும். தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்தவள்.

இந்தப் பணியின் அன்றாடம் உண்மையில் எப்படி இருக்கும் என்பதை, உள்ளே இருந்தவர்கள் யாராவது ஒளிவுமறைவின்றிச் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில்: பழையகோப்பு

இந்தப் பணியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒரு விதியை நினைவூட்ட வேண்டும். ஐ.ஏ.எஸ்., ஐ.எஃப்.எஸ். இரண்டில் ஒன்றில் நியமனம் பெற்றுப் பணியில் தொடர்கிறவர் இத்தேர்வை மறுபடி எழுத முடியாது. “இப்போதைக்கு இதில் சேர்வோம், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம்” என்ற கணக்கு இவ்விரண்டுக்கும் செல்லாது. ஆகவே நீங்கள் நிரப்பப்போகும் அந்த ஒரு கட்டத்துக்கு ஆறு நாள் யோசிப்பது அதிகமில்லை.

இடங்களும் சொற்பம். 2023-ஆம் ஆண்டுத் தேர்வில் ஐ.ஏ.எஸ்.ஸுக்கு 180 இடங்கள் இருந்தபோது ஐ.எஃப்.எஸ்.ஸுக்கு 37, 2024-இல் அதே 180-க்கு எதிரே 55. நாடாளுமன்ற நிலைக்குழு 2023-இல் கொடுத்த கணக்கின்படி இந்தப் பணியின் மொத்த அதிகாரிகள் 1,011 பேர்தான். இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது போதாது என்று அக்குழு பலமுறை குறைப்பட்டிருக்கிறது. இந்தக் குறைவின் விளைவை நீங்கள் உடம்பில் உணர்வீர்கள். சிறிய தூதரகங்களில் தூதரோடு சேர்த்து இரண்டு மூன்று அதிகாரிகளே இருப்பார்கள். காலையில் வணிகக் குழுவை வரவேற்றவரே மதியம் விசா முத்திரைகளைக் கணக்குப் பார்ப்பார், மாலையில் தூதரகக் கட்டடத்தின் ஒழுகும் கூரைக்கு விலைப்புள்ளி கேட்பார்.

பாதை எல்லோருக்கும் ஒன்றே. முசூரியில் அடிப்படைப் பயிற்சி, பிறகு டெல்லியில் சுஷ்மா சுவராஜ் வெளியுறவுப் பணி நிறுவனம், பிறகு ஒரு மொழி. தேர்வுத் தரவரிசை, அமைச்சகத்தின் தேவை ஆகியவற்றைப் பொறுத்து அரபு, சீனம், ருஷ்யன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானியம் போன்றவற்றில் ஒன்று ஒதுக்கப்படும். அந்த மொழி பேசும் நாட்டுக்கு, தூதரகத்தில் தொடக்கநிலைப் பதவியான மூன்றாம் செயலாளராக அனுப்புவார்கள். அங்கே மொழித் தேர்வில் தேறினால்தான் பணி உறுதியாகும். எனக்கு அரபு கிடைத்தது. கெய்ரோவில் படித்தேன். இருபத்தைந்து வயதில், மத்திய அரசின் தேர்வு ஒன்றைத் தாண்டி வந்த பெருமிதத்தோடு போனவன், ஐந்து வயதுப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு தொண்டைக்குள்ளிருந்து ‘ஐன்’ என்ற எழுத்தை வரவழைக்கக் கண்ணாடி முன்னே நின்ற நாட்கள் அவை. இலக்கியம் படித்தவருக்கு இந்தப் பகுதி எளிதாக இருக்கும் என்பது என் அனுபவம். இலக்கணத்தைக் கண்டு நீங்கள் மிரள மாட்டீர்கள்.

மக்கள் மனத்தில் இருக்கும் ‘வெளிநாட்டுப் பணி’ என்னும் சித்திரத்தில் இரண்டு விஷயங்கள் விடுபட்டுப்போகின்றன. ஒன்று, டெல்லி. பணிக்காலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் கழியும். சார்புச் செயலாளராக ஒரு மேசையில் உட்கார்ந்து மூன்று நான்கு நாடுகளின் கோப்புகளைப் பார்ப்பீர்கள். நாடாளுமன்றம் நடக்கும் காலத்தில், அமைச்சர் அவையில் வாய்மொழியாக விடை சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட வினா ஒன்றுக்கு வரைவு விடை எழுதி, துணைக் கேள்விகளுக்கான குறிப்பும் சேர்த்து, இரவு பதினொரு மணிக்கு இணைச் செயலாளரின் அறை வாசலில் நிற்பீர்கள். இரண்டாவது, ஊர்களின் தரவரிசை. பணியிடங்களை, வசதியானதிலிருந்து மிகக் கடினமானது வரை, ஏ ஸ்டார், ஏ, பி, சி, சி ஸ்டார் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பொதுவாக ஓரிடத்தில் மூன்றாண்டு, மிகக் கடினமான இடங்களில் இரண்டாண்டு. பாரிஸும் வாஷிங்டனும் கிடைக்காமல் போகா. ஆனால் அவற்றுக்கு முன்னும் பின்னும் மின்சாரம் நிலையில்லாத, மலேரியா மாத்திரையை உப்பைப்போல் மேசையில் வைத்திருக்கும் ஊர்கள் வரும். எனக்கு அப்படி இரண்டு. குறை சொல்லவில்லை, பின்னர் திரும்பிப் பார்க்கையில் வேலை என்று சொல்லத்தக்கதை நான் செய்தது அந்த ஊர்களில்தான்.

உங்கள் மாமாவின் கதையைப் படித்தபோது எனக்கு ஒரு நோட்டுப்புத்தகம் நினைவுக்கு வந்தது. வளைகுடா நகரம் ஒன்றில் தொழிலாளர் நலப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் ஒருவர் தங்குமிடத்தில் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். உடலை ஊருக்கு அனுப்ப வேண்டுமானால் மரணச் சான்றிதழ், காவல்துறை அறிக்கை, குடும்பத்தாரின் ஒப்புதல் கடிதம், உடலைப் பதப்படுத்திய சான்று, நாங்கள் தரும் தடையின்மைச் சான்று, விமானச் சரக்குப் பதிவு என்று வரிசையாக வேண்டும்; இவற்றில் ஒரு காகிதம் தாமதமானாலும் உடல் சவக்கிடங்கிலேயே கிடக்கும். இறந்தவரின் கடவுச்சீட்டை ரத்து செய்யும் முத்திரையை அன்று நானே குத்தினேன். முதலாளி செலவை ஏற்க மறுத்ததால், இதற்கென 2009-இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து எடுக்கக் குறிப்பு எழுதினேன். அவர் மனைவியைத் தொலைபேசியில் அழைத்தபோது, நான் ஆறுதல் சொல்லத் தயாராக இருந்தேன். அவரோ, “ஐயா, தலையணைக்கு அடியில் ஒரு நோட்டு இருக்கும்; யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், ஏலச்சீட்டு எத்தனை கட்டியாயிற்று என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது; அது இல்லாவிட்டால் வருகிறவர்கள் சொல்வதுதான் கணக்கு” என்றார். இரண்டு சட்டை, ஒரு தைலப் புட்டி, பாதி தீர்ந்த பற்பசை ஆகியவற்றுடன் அந்த நோட்டும் உடைமைப் பட்டியலில் ஏறுகிறதா என்று பார்ப்பதற்கு அன்று இரவு நானே தங்குமிடத்துக்குப் போனேன். கிடைத்தது. அதன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்தும் அனுப்பினேன்.

ஐ.ஏ.எஸ்.ஸோடு ஒப்பிடச் சொன்னால், அதிகாரம் என்ற ஒன்றில் இரண்டும் இணையே அல்ல. உங்களோடு தேறிய ஒருவர் சில ஆண்டுகளில் ஒரு மாவட்டத்தை ஆள்வார். அவர் தூர்வாரச் சொன்ன கண்மாயில் அடுத்த மழைக்குத் தண்ணீர் நிற்பதைக் கண்ணால் பார்ப்பார். அதே வயதில் நீங்கள் இரண்டாம் செயலாளராக, ஒரு கூட்டறிக்கையில் ‘கவலை’ என்று போடுவதா ‘ஆழ்ந்த கவலை’ என்று போடுவதா என எதிர்த்தரப்பு அதிகாரியோடு நள்ளிரவு வரை வாதாடிக்கொண்டிருப்பீர்கள். அந்த ஒரு சொல்லில் உங்களுக்குச் சுவை இருந்தால் ஐ.எஃப்.எஸ். எழுதுங்கள், கண்மாய்தான் கண்ணுக்குள் நிற்கிறது என்றால் தயங்காமல் ஐ.ஏ.எஸ். எழுதுங்கள். 1973-இல் இந்தியா முழுவதற்கும் முதலிடம் பெற்ற நிருபமா ராவ் ஐ.எஃப்.எஸ்.ஸைத்தான் எடுத்தார், பின்னாளில் வெளியுறவுச் செயலாளரும் ஆனார். முதல் வரிசையில் வந்தவர்கள் இதை நாடிய காலம் அது. இப்போது காற்று மாறிவிட்டது, அதனால் பணி சிறுத்துவிடவில்லை.

பெற்றோரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் ஆப்பிரிக்காவில் ஒரு சி ஸ்டார் ஊரில் இருந்தபோது என் அப்பா கும்பகோணத்தில் காலமானார். வாரத்துக்கு மூன்றே விமானங்கள் உள்ள ஊர். இரண்டு இடங்களில் மாறி, நான் வீடு சேர்ந்தபோது மூன்றாம் நாள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்து முடித்திருந்தான். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். இதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஏதுமில்லை.


பதில்: கூடவேவந்தவன்

தங்கைக்கு வணக்கம். என் மனைவி இந்தப் பணியில் இருக்கிறார். நான் கோயம்புத்தூரில் பட்டயக் கணக்காளராகத் தொழில் செய்துகொண்டிருந்தவன். ‘மாப்பிள்ளை என்ன செய்வார்’ என்ற கேள்விக்கு விடை சொல்லும் தகுதி இந்த இழையில் எனக்கு மட்டும்தான் இருக்கும்போல் தெரிகிறது.

பெரியவர் அதிகாரியின் பக்கத்திலிருந்து எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்தப் பணிக்கு ஒருவர் தேர்வு எழுதுகிறார், இருவர் வேலை பார்க்கிறார்கள். என் மனைவியின் முதல் பணியிடத்தில், தூதரக அதிகாரிகளின் வாழ்க்கைத்துணைவர் வேலை செய்ய அனுமதிக்கும் ஒப்பந்தம் நம் நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் இடையே இருந்தது. மகிழ்ச்சியோடு போனேன். பிறகுதான் தெரிந்தது, ஒப்பந்தம் வேலை தேடுவதற்கான கதவைத் திறக்குமே ஒழிய, அந்நாட்டுக் கணக்காளர் உரிமத்தை வாங்கித் தராது. வேலையில் சேர்ந்தால் அந்த வேலை தொடர்பான வழக்குகளில் தூதரகப் பாதுகாப்பு கிடையாது என்பதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டும். உரிமத்துக்கான தேர்வுகளில் பாதியை முடிப்பதற்குள் மாற்றல் ஆணை வந்துவிட்டது. அடுத்த நாட்டில் ஒப்பந்தமே இல்லை. மூன்றாண்டு, மாலை விருந்துகளில் கையில் பழச்சாறு வைத்துக்கொண்டு “மேடத்தின் கணவர்” என்று அறிமுகமானேன். ஒரு விருந்தில், வந்தவர் ஒருவர் என்னைத் தூதர் என்றும் என் மனைவியைத் தூதரின் துணைவி என்றும் எடுத்துக்கொண்டு என்னிடமே அரை மணி நேரம் எண்ணெய் விலை பேசினார். என் மனைவி பக்கத்தில் நின்று, சொல்லவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் தவித்தது இன்றும் எங்கள் வீட்டில் நகைச்சுவை.

இந்தப் பணியில் பெண்களின் வரலாறு தெரிந்தால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பதும் தெரியும். சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சி.பி. முத்தம்மா 1949-இல் இப்பணியில் சேர்ந்தார். பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசின் முன் அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்பால் வேலை கெடும் என்று அரசு கருதினால் பதவி விலகச் சொல்லலாம் என்று விதியே இருந்த காலம் அது. 1970-இல் ஹங்கேரிக்குத் தூதராகப் போன அவர், தமக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து 1979-இல் உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நடக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு தந்துவிட்டதால் மனு தள்ளுபடியானது. ஆயினும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளில் இருந்த பாகுபாட்டைக் கடுமையாகச் சாடி, பணி விதிகள் அனைத்தையும் ஆராய்ந்து திருத்தச் சொன்னார். முத்தம்மா கடைசி வரை மணம் செய்துகொள்ளவில்லை. இன்று உங்களுக்கு அந்த விதி இல்லை. விதி போனபின் மிஞ்சுவது வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியவை.

பணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் நான் பேசுகிறேன். வெளிநாட்டில் இருக்கும்போது அயல்நாட்டுப் படியும் அரசு தரும் வீடும் சேர்ந்து வசதியாகவே இருக்கும். ஆனால் டெல்லிக்குத் திரும்பும் நாளில் அந்தப் படி நின்றுவிடும். துணைவரின் சம்பளம் பத்தாண்டாக இல்லை என்பது அன்றைக்குத்தான் வங்கிக் கணக்கில் தெரியும். பிள்ளைகள் விஷயத்தில், அங்கே பள்ளிக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. ஆனால் எங்கள் மகள் ஆறாம் வகுப்புக்குள் மூன்று பாடத்திட்டங்களைப் பார்த்துவிட்டாள். கேந்திரிய வித்யாலயா இந்தியாவுக்கு வெளியே காட்மாண்டு, மாஸ்கோ, தெஹ்ரான் ஆகிய மூன்று ஊர்களில் மட்டுமே உண்டு. இப்போது அவளுக்கு நான்கு மொழிகள் வரும், “உன் சொந்த ஊர் எது?” என்று கேட்டால் அம்மாவைப் பார்ப்பாள்.

நான் இதை விட்டு ஓடவில்லை. தொலைவிலிருந்தே செய்யக்கூடிய கணக்குத் தணிக்கை வேலையை, இந்தியாவில் உள்ள பழைய நண்பர்களோடு சேர்ந்து, அமைச்சகத்தின் அனுமதி பெற்றுச் செய்கிறேன்; முன்பு ஈட்டியதில் பாதிகூட வராது. உங்களுக்குப் பேசி முடித்தவர் வங்கிக்காரர் என்கிறீர்கள். நம் அரசு வங்கிகளுக்கு வெளிநாட்டில் கிளைகள் உண்டு என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். அவருடைய வங்கிக்குக் கிளை உள்ள ஊரும் உங்களுக்குக் கிடைக்கும் ஊரும் ஒன்றாக அமைவதை நம்பித் திருமணத் தேதி குறிக்காதீர்கள். ‘அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவர் சொன்னால், அது அன்பின் மிகுதியால் வருவதாகவே இருக்கும், இருந்தாலும் ஏற்காதீர்கள். ஐந்து ஆண்டு சம்பளமில்லாமல் இருக்க முடியுமா, அல்லது இரண்டு ஊரில் தனித்தனியே இருக்க முடியுமா என்று நேராகக் கேளுங்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.


பதில்: மூன்றாம்மாடி

இந்த இழையில் எழுத எனக்கு உரிமை உண்டா என்று தயங்கினேன். ஏனென்றால் நான் ஐ.எஃப்.எஸ். அதிகாரி அல்லன். பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்வை எழுதி, வெளியுறவு அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேர்ந்தவன். எங்கள் பிரிவுக்கு ஐ.எஃப்.எஸ். ‘பி’ என்று பெயர். பெரியவர் சொன்ன அதே நிலைக்குழுக் கணக்கில், அமைச்சகத்தின் எல்லாப் பிரிவினரும் சேர்ந்து 4,888 பேர்; அதாவது ‘வெளியுறவுத் துறை’ என்று மக்கள் சந்திக்கும் முகங்களில் பெரும்பாலானவை ஐ.எஃப்.எஸ். முகங்கள் அல்ல.

அதனால்தான் சகோதரியிடம் ஒன்று சொல்லத் தோன்றியது. உங்கள் மாமாவிடம் தூத்துக்குடிப் பேச்சில் பேசியவர் ஐ.எஃப்.எஸ். அதிகாரியாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. என்னைப் போன்ற உதவியாளராகவோ, அந்த ஊரிலேயே வேலைக்கு எடுக்கப்பட்ட உள்ளூர்ப் பணியாளராகவோ இருந்திருப்பார். வளைகுடாத் தூதரகங்களில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் தமிழ், மலையாளம், தெலுங்கு தெரிந்தவர்களை வைத்திருப்பது அதற்காகத்தான். தொழிலாளி ஒருவரின் குறையை முதலில் கேட்பவர், முதலாளியின் எண்ணுக்கு நாளுக்கு நான்கு முறை அடிப்பவர், தொழிலாளர் அலுவலகத்துக்குக் கூடவே போகிறவர் அவர்தான். அதிகாரி அந்தப் பிரிவுக்குத் தலைமை. அவருடைய கையெழுத்தால்தான் கதவு திறக்கும் என்பதும் உண்மை. நோட்டுப்புத்தகத்தைத் தேடி இரவில் தாமே போனதாகப் பெரியவர் எழுதியிருக்கிறார். அப்படிப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், கோப்பு மேலே வந்தால் பார்க்கலாம் என்று இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். மூன்றாண்டு தொழிலாளர் நலப் பிரிவில் இருக்கும் ஐ.எஃப்.எஸ். அதிகாரி, அடுத்த மூன்றாண்டு ஆயுதக் குறைப்பு மாநாட்டில் இருப்பார். மாமாவைப் போன்றவர்களுக்கு உதவுவது மட்டுமே உங்கள் நோக்கமென்றால், அது உங்கள் பணிக்காலத்தின் ஒரு துண்டாகத்தான் அமையும் என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

எங்கள் பாதையைப் பற்றியும் இங்கே படிப்பவர்களுக்காக நாலு வரி. சேரும்போது சம்பள நிலை ஏழு. தொடக்கம் 44,900 ரூபாய். ஐ.எஃப்.எஸ்.ஸுக்கு நிலை பத்து, 56,100. முதல் சில ஆண்டுகள் டெல்லியில்தான். ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே. புரம் மலை மந்திரில் முருகனைப் பார்த்துவிட்டு, வாசலில் தமிழ் கேட்டுவிட்டுத் திரும்புவதே எனக்கு அப்போது ஊருக்குப் போய்வந்த மாதிரி. வெளிநாடு போனபின் கணக்குப் பிரிவு, கடவுச்சீட்டுப் பிரிவு, அரசுக் கடிதங்கள் போகும் தூதரகப் பையைக் கட்டி முத்திரையிடும் வேலை, இரவுநேரக் கைபேசிப் பொறுப்பு என்று சுழற்சி. பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர் என்று ஏறி, இறுதியில் ஐ.எஃப்.எஸ். அதிகாரிகளின் ‘ஏ’ பிரிவுக்குள் எடுத்துக்கொள்ளப்படுகிறவர்களும் உண்டு. அதற்குள் தலை நரைத்துவிடும். தூதரகத்துக்குள்ளே ‘ஏ’, ‘பி’ என்ற கோடு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விருந்து அழைப்பிதழ் வரும் நாளில் தெரியும். இதை மனக்கசப்போடு சொல்லவில்லை. என் அப்பா பீடிக் கடையில் கணக்கெழுதினார். நான் மூன்று கண்டங்களில் கணக்கெழுதியிருக்கிறேன்.


கேள்வி கேட்டவர்: கரிசல்பெண்

ஐயாவுக்கும் அண்ணன்கள் இருவருக்கும் நன்றி. மூன்று பதில்களையும் அச்செடுத்து, மதுரையில் ஒரு காபிக் கடையில் வைத்து அவரைப் படிக்கச் சொன்னேன். இரண்டாவது பதிலை இரண்டு முறை படித்தார். ஐந்து ஆண்டு சம்பளமில்லாமல் இருக்க முடியாது என்றும், அவருடைய தங்கையின் திருமணக் கடன் முடியும் வரை, அதாவது இன்னும் நாலாண்டு, மதுரையை விட முடியாது என்றும் சொன்னார். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவர் சொல்லாததில் எனக்கு ஏமாற்றமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. நாலாண்டு தனித்தனியே இருப்பது குறித்து இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மாமாவிடம் பேசியவர் யாராக இருந்திருப்பார் என்று மூன்றாம்மாடி அண்ணன் எழுதியதைப் படித்ததும் முதலில் சுருக்கென்றது. பத்தாண்டாக மனத்தில் வைத்திருந்த ஒருவரை இடம் மாற்றி உட்காரவைக்க வேண்டியிருக்கிறது. ஐயாவிடம் இன்னும் இரண்டு கேள்விகள். இந்தி சரியாக வராதது பணியில் எவ்வளவு தடையாக இருக்கும்? தமிழ் தெரிந்த காரணத்தைச் சொல்லி யாழ்ப்பாணத்தைக் கேட்டு வாங்க முடியுமா? ஊருக்கு அருகே இருக்கும் என்பதும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை.


பதில்: பழையகோப்பு

இந்தி தடையாகாது, பயிற்சிக் காலத்திலேயே கற்பிப்பார்கள், டெல்லி வெயிலும் காய்கறிக் கடையும் மீதியைக் கற்பிக்கும். அமைச்சகத்தின் கோப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. நான் சேர்ந்தபோது எனக்கும் வராது. பேச்சில் இன்றும் ஆண்பால் பெண்பால் தடுமாறும். யாரும் பதவி உயர்வை அதற்காக நிறுத்தவில்லை.

யாழ்ப்பாணத்தில் நம் துணைத் தூதரகம் 2010-இல் திறக்கப்பட்டது. கொழும்பில் உயர் ஆணையம், கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் அலுவலகங்கள் என்று இலங்கையில் நமக்கு விரிந்த அமைப்பு இருக்கிறது. இடத்தைக் கேட்கலாம், விருப்பம் தெரிவிப்பதற்கு முறை உண்டு. கிடைப்பது பணிநிலையையும் அப்போதைய காலியிடத்தையும் பொறுத்தது. நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு. அங்கே தமிழ் உங்களுக்குப் பலம், அதுவே சோதனையும்கூட. கைதான இராமேசுவரத்து மீனவரைச் சிறையில் போய்ப் பார்ப்பீர்கள். அவர் உங்களை ‘அம்மா’ என்று அழைத்து, படகை மீட்டுத் தரச் சொல்லி அழுவார். அடுத்த நாள் யாழ்ப்பாணத்து வடமராட்சி மீனவர் சங்கத்தார் வந்து, இந்திய இழுவைமடிப் படகுகள் தங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போவதை, அதே தமிழில், அதே கண்ணீரோடு சொல்வார்கள். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017-இல் சட்டப்படி தடை செய்துவிட்டது. இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள்; வாய் திறந்து சொல்லக்கூடியது டெல்லியிலிருந்து வந்த நிலைப்பாட்டை மட்டுமே. மொழி புரியாத அதிகாரி அன்றிரவு தூங்கிவிடுவார். உங்களுக்கு அது எளிதாக இராது.

விருப்ப வரிசையை அனுப்புவதற்கு முன், அச்சுப்படி ஒன்றை எடுத்து வீட்டில் உரக்கப் படித்துப் பாருங்கள். நான் என் காலத்தில் அப்படிச் செய்யவில்லை. அப்பா அதைச் செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.


கேள்வி கேட்டவர்: கரிசல்பெண்

நேற்றிரவு அனுப்பிவிட்டேன். ஐ.எஃப்.எஸ். முதலில், ஐ.ஏ.எஸ். இரண்டாவது. அப்பா கடையை ஒன்பது மணிக்கே சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார். சி ஸ்டார் என்றால் என்ன என்று மட்டும் இரண்டு முறை விளக்கச் சொன்னார். இன்று காலை அம்மாவுக்கு இன்சுலின் ஊசியைத் தம்பி போட்டான். அளவு சரியாக எடுத்திருக்கிறானா என்று நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு அலகு கூடுதலாக இழுத்திருந்தான், திருத்தச் சொன்னேன்.